புறங்கையால் தொட்ட இரும்பு

அஞ்சலை சாக்குத் தைக்கும் மிஷினை உள்ளங்கையால் தொட மாட்டாள். விரல்களை மடக்கி, புறங்கைக் கணுவை அதன் இரும்புச் சட்டத்தில் ஒற்றி எடுப்பாள்.

தை மாதத்து விடிகாலை. மரக்காணத்தில் உப்பளங்களை ஒட்டிய எங்கள் கொட்டகையின் தகரக் கூரையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் நான்கைந்து பெண்கள் வெறுங்காலோடு நின்றார்கள். தையல் மிஷின் ஓடவில்லை. கொட்டகையின் மறுகோடியில் கல் உப்பை உடைக்கும் கிரஷர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அஞ்சலை கணுவை ஒற்றினாள். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஷாக் அடிக்குதுங்க."

சூப்பர்வைசர் கணேசன் வந்தார். சட்டத்தின்மேல் உள்ளங்கையை முழுதாகப் பதித்தார். பதித்தபடியே எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எங்கம்மா அடிக்குது? எனக்கு ஒண்ணும் இல்லையே."

"ரப்பர் கம்பூட்ஸைக் கழட்டிட்டுத் தொடுங்க சார். அப்புறம் பேசலாம்."

பெண்கள் சிரித்தார்கள். கணேசன் கழற்றவில்லை.

"வேலை செய்ய இஷ்டம் இல்லன்னா சொல்லிடு. அம்பாரத்துக்கு ஆள் தேவைப்படுது."

சிரிப்பு நின்றது.

நிழலில் ஓர் இடம்

அம்பாரம் என்பது வெட்டவெளியில் குவித்து வைத்த உப்பு. அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கொட்டகைக்குக் கொண்டுவருவது ஒரு வேலை. பங்குனி சித்திரையில் அந்த வெள்ளையை நேராகப் பார்த்தால் கண்ணுக்குள் கருப்புப் புள்ளிகள் நீந்தும். வருடக்கணக்கில் பார்த்தவர்களுக்கு அந்தப் புள்ளிகள் போவதே இல்லை.

அஞ்சலை வருடக்கணக்கில் பார்த்தவள். கண் டாக்டர் ஒருவர், இனி வெயிலில் உப்பைப் பார்க்கக் கூடாது என்று அவளிடம் சொல்லியிருந்தார். மரக்காணத்தில் இருந்துகொண்டு உப்பைப் பார்க்காமல் பிழைப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை.

என் தம்பி ஆரோக்கியம் உப்பை உடைத்து, கழுவி, அயோடின் கலந்து மூட்டை கட்டும் இந்தச் சிறிய ஆலையைத் தொடங்கியபோது, முதல் ஆளாக வந்து நின்றவள் அவள்தான். தையல் மிஷின் கொட்டகையின் உட்புறம், சுவர் ஓரமாக இருந்தது. அங்கே வெயில் வராது. அவள் அந்த இடத்தைக் கேட்டு வாங்கினாள். மிஷின் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அவள் தைத்த மூட்டையின் வாய் ஒருநாளும் பிரிந்ததில்லை.

அந்த இடத்தைத்தான் கணேசன் எடுத்துவிடுவதாகச் சொன்னார்.

இந்தத் தொடரில் இதுவரை நான் வேலை பார்த்த செய்தித்தாள் அலுவலகங்களைப் பற்றியே எழுதிவந்தேன். ஓய்வு பெற்றபின் தம்பியின் ஆலையில் லாரிகளுக்கான காகிதங்களைப் பார்த்துக்கொள்ள வந்தேன். உப்புக்கும் எனக்குமான பழக்கம் அவ்வளவுதான். மின்சாரத்தோடு அதுகூட இல்லை.

வெயிலோடு வந்தவர்

மிஷின் அடிக்கிறது என்ற புகார் மார்கழியிலேயே தொடங்கிவிட்டது. ஆரோக்கியம் அதை அலட்சியம் செய்தான் என்று சொல்ல முடியாது. இடையஞ்சாவடியிலிருந்து எலக்ட்ரீஷியனை வரவழைத்தான்.

அவர் கெட்டிக்காரர் என்றுதான் பெயர். ஆரோவில்லில் காலை வேலைகளை முடித்துவிட்டு, வெயில் நன்றாக ஏறியபின் எங்களிடம் வருவார். டெஸ்டரை வைப்பார். விளக்கு எரியாது. மீட்டரை வைப்பார். ஒன்றும் காட்டாது. அஞ்சலையையே தொடச் சொல்வார். அந்த நேரத்தில் அவளுக்கும் ஒன்றும் அடிக்காது.

முதல் தடவை கேபிளை மாற்றினார். அடுத்த தடவை தையல் மிஷினின் மோட்டாரையே மாற்றினார். மறுநாள் விடிகாலை மீண்டும் அடித்தது. மூன்றாவது தடவை வந்தபோது கருவிப் பையைத் திறக்கவே இல்லை.

"மனசுல பயம் பூந்துட்டா, தொட்டாலே அடிக்கிற மாதிரிதாங்க இருக்கும்."

அவர் பைக் கிளம்பிப் போவதற்குள் அந்த வாக்கியம் கணேசனுடையதாகிவிட்டது. ஒரு கோளாறுக்குப் பெயர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்ததுபோல் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது தம்பி சொன்னான்.

"அக்கா, அஞ்சலையை அம்பாரத்துக்கு மாத்திடலாம்னு இருக்கேன். ஒருத்தியோட பயம் எல்லாருக்கும் ஒட்டிக்குது. லோடு நிக்குது."

"கோட்டக்குப்பத்து பஷீர் பாய் லீவுல வந்திருக்காராம். அவர் ஒரு தடவை பார்த்துடட்டும். அப்புறம் மாத்து."

"அவர் பொண்ணு கல்யாண வேலையில இருப்பாரு."

"கேட்டுப் பாரேன். வரலன்னா அப்புறம் உன் இஷ்டம்."

'மின்கசிவே காரணம்'

நான் வேலை பார்த்த பத்திரிகையில் ஒரு வழக்கம் இருந்தது. எங்காவது தீப்பிடித்தால், செய்தியின் கடைசி வரி 'மின்கசிவே காரணம் என்று தெரியவருகிறது' என்று முடியும். காவல் நிலையத்திலிருந்து தொலைபேசியில் அப்படித்தான் சொல்வார்கள். நாங்கள் அப்படித்தான் அச்சேற்றுவோம். யாராவது இறந்துபோனால் 'மின்சாரம் தாக்கி' என்று தொடங்கும். ஊர், வயது, எத்தனை பிள்ளைகள் என்பதோடு நின்றுவிடும்.

மின்சாரம் எங்கிருந்து கசிந்தது, எதன் வழியாக வந்தது, ஏன் அந்த ஆளிடம் வந்தது என்ற கேள்விகளுக்குப் பத்தியில் இடம் கிடையாது. இடம் இருந்திருந்தாலும் பதில் சொல்ல ஆள் கிடையாது. செய்தி ஆசிரியர் ஒருவர், கசிவு என்ற சொல்லைக் கண்டுபிடித்தவனுக்குச் சிலை வைக்க வேண்டும் என்பார். குழாயிலிருந்து தண்ணீர் கசிவதுபோல் வாசகர் மனதில் ஒரு படம் வந்துவிடும். அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

அப்படிக் கசிகிற ஒன்றை யாராவது பின்தொடர்ந்து போய்ப் பிடிப்பதை நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான்.

யாரும் எதையும் துடைக்க வேண்டாம்

பஷீர் பாய் இருட்டு பிரிவதற்கு முன்பே வந்துவிட்டார். பைக் கண்ணாடியில் பனி படிந்திருந்தது.

"ஃபஜ்ர் தொழுதுட்டு நேரா வர்றேன். வெயிலுக்கு முன்னாடி அடிக்குதுன்னு சொன்னீங்க. வெயிலுக்கு முன்னாடிதானே வரணும்?"

வளைகுடாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றில் மின் பராமரிப்புப் பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் அவர். அதைப் பேச்சில் அடிக்கடி நினைவுபடுத்துவார். எங்கள் ஆலைக்கு வயரிங் போட்டுக் கொடுத்ததும், கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கக் கொட்டகைக்குப் பின்னால் எர்த் குழி தோண்டிக் கொடுத்ததும் அவர்தான், முந்தைய ஒரு விடுமுறையில். ஆகவே தன்னுடைய வேலையில் குறை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற எச்சரிக்கையும் அவர் முகத்தில் இருந்தது.

"யாரும் எதையும் துடைக்க வேணாம். தினம் எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே ஓட்டுங்க" என்றார். பிறகு மீட்டரை எடுக்காமல் அஞ்சலையைக் கூப்பிட்டார்.

"எப்படிம்மா அடிக்குது?"

"எப்படின்னா? அடிக்கிற மாதிரி அடிக்குது."

"எறும்பு ஊர்ற மாதிரியா, உதைக்கிற மாதிரியா?"

அஞ்சலை யோசித்தாள். அந்தக் கேள்வியை யாரும் அதுவரை அவளிடம் கேட்கவில்லை.

"மொதல்ல எல்லாம் எறும்புதான் பாய். இப்போ முழங்கை வரைக்கும் இழுக்குது. பல்லு கூசுது. தரை ஈரமா இருந்தா ஜாஸ்தி. சாக்கு மேல நின்னா கம்மி."

பஷீர் பாய் கணேசனின் கால்களைப் பார்த்தார். முட்டிவரை ரப்பர்.

கொட்டகைக்கு வெளியே ஈர மண்ணில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து இறக்கினார். மீட்டரின் ஒரு முனையை அந்தக் கம்பியிலும் மறுமுனையைத் தையல் மிஷினின் சட்டத்திலும் வைத்தார். எண் நூற்றைத் தாண்டி நின்றது.

"பாருங்க" என்று மீட்டரைக் கணேசன் பக்கம் திருப்பினார். "இது பயப்படாது. இதுக்கு மனசு கிடையாது."

அடுத்து அவர் செய்ததுதான் எல்லோரையும் நிறுத்திவைத்தது. தையல் மிஷினின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவித் தரையில் போட்டார். மீண்டும் அளந்தார். எண் அசையவில்லை.

இணைப்பே இல்லாத மிஷினில் மின்சாரம் இருந்தது.

"பேய்னு மட்டும் சொல்லிடாதீங்க பாய். அப்புறம் ஒருத்தியும் வேலைக்கு வரமாட்டா" என்றாள் அஞ்சலை.

"பேய்க்கு எதுக்கும்மா மூணு ஃபேஸ்?"

ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னார். மூட்டையை நகர்த்தும் பெல்ட் நின்றது. எண் அப்படியே. உப்பை மேலே ஏற்றும் எலிவேட்டர் நின்றது. அப்படியே. உலர்த்தும் காற்றாடி. அப்படியே. கடைசியாக, மறுகோடியில் கிரஷரை நிறுத்தினார்கள். எண் சரிந்து கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்தது.

கிரஷர் மோட்டாரில் வயர்கள் வந்து சேரும் பெட்டியின் மூடியைக் கழற்றினார். ரப்பர் வளையம் பிளந்திருந்தது. உள்ளே, செம்பு முனைகள் பச்சை பூத்து, அவற்றுக்கிடையே உப்பு ஒரு மெல்லிய தோலாகப் படிந்திருந்தது. அந்தத் தோல் பனியில் நனைந்து பளபளத்தது.

"காஞ்ச உப்பு ஒண்ணும் பண்ணாது. ஈர உப்பு கரண்டுக்கு ரோடு. வெயில் ஏறி, மோட்டாரும் சூடாயிடுச்சுன்னா இது காஞ்சுடும். ரோடு மூடிடும். அப்புறம் எவன் வந்து பார்த்தாலும் ஒண்ணும் தெரியாது."

"கோளாறு அங்க இருக்கு. அடி எதுக்கு இங்க விழுது?" என்றான் தம்பி.

"எல்லா மிஷினோட உடம்பையும் ஒரே இரும்புப் பட்டையில கட்டி எர்த் குழிக்குக் கொண்டுபோயிருக்கேன். கிரஷர்ல கசியறது அந்தப் பட்டை வழியா மண்ணுக்குப் போயிடணும். போகல. அதனால எல்லா இரும்புலயும் நின்னுக்கிட்டு, எவ காலு ஈரத்துல இருக்குன்னு பார்க்குது. நாள் பூரா இரும்பு மேலயே கை வச்சிக்கிட்டு நிக்கிறது இவங்க ஒருத்திதான்."

பிறகு அவர் பிரதான பேனலைத் திறந்தார். கசிவு ஏற்பட்டால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் ஒன்றை அவர் அங்கே வைத்திருந்தார். பிரேக்கர் அங்கேயேதான் இருந்தது. ஆனால் அதற்குள் எதுவும் போகாதபடி, பக்கத்திலேயே வயர்த் துண்டுகளால் ஒரு குறுக்குவழி போடப்பட்டிருந்தது.

பஷீர் பாய் திரும்பிப் பார்த்தார். கணேசன் பேசத் தொடங்கினார்.

"போன வருஷம் பனியில தினமும் விழுந்துச்சு பாய். போட்டா விழுது, போட்டா விழுது. லாரி நிக்குது…"

"நான்தான் போடச் சொன்னேன்" என்றான் ஆரோக்கியம்.

குழிக்குள் இருந்தது

கொட்டகைக்குப் பின்னால் எர்த் குழியின் சிமென்ட் மூடியைத் தூக்கினார்கள். உள்ளே வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. பஷீர் பாய் குனிந்து, இரும்புப் பட்டையை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்தார். அது கையோடு வந்துவிட்டது. குழாயின் தலையை ஸ்க்ரூடிரைவரால் தட்டினார். பழைய அப்பளம்போல் ஓர் ஓடு உதிர்ந்தது.

அவர் அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். அவர் போட்ட குழி.

"கொஞ்ச வருஷத்துல இப்படி ஆகாதே. ஈரம் காயாம குழிக்குத் தண்ணி ஊத்தறது யாரு?"

"நான்தான் பாய்" என்றாள் அஞ்சலை. குரலில் பெருமை இருந்தது. "நீங்க சொல்லிட்டுப் போனதுலேருந்து ஒரு சனிக்கிழமை தப்பினது இல்ல."

"எங்கேருந்து எடுத்து ஊத்தறீங்க?"

"கடைசிப் பாத்தியிலேருந்து. நல்லா கெட்டியா, உப்புப் பூக்கிற பதத்துல இருக்கும் பாருங்க, அதைத்தான் மொண்டு ஊத்துவேன்."

அவளே தொடர்ந்தாள்.

"குழி தோண்டினப்போ கரியும் உப்பும் மாத்தி மாத்திப் போட்டீங்களே. உப்பு மூட்டையைத் தூக்கிட்டு வந்ததே நான்தான். உப்புதான் அதுக்குச் சத்துன்னீங்க. அப்போ சும்மா தண்ணி ஊத்தறதைவிட இது மேல்தானே?"

உப்பளத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் அப்படித்தான் யோசிப்பார். குடிநீர் டேங்கர் லாரியில் வருகிற இடம் அது. அதைக் கொண்டுபோய் மண்ணில் ஊற்ற யாருக்கும் கை வராது. உப்பு நீரோ கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கிறது. அதிலும் கடைசிப் பாத்தி நீர்தான் மதிப்புள்ளது. அவள் இருப்பதில் சிறந்ததை எடுத்து ஊற்றியிருந்தாள்.

"நான் போட்ட உப்பு மருந்து அளவு. நீங்க சோறா போட்டுட்டீங்க. இரும்பு அவ்வளவு தின்னா அது உசுரோட இருக்காது" என்றார் பஷீர் பாய்.

கணேசனின் முகத்தில் தெம்பு திரும்பி வந்தது.

"பாத்தீங்களா சார்? இவளே கெடுத்துட்டு இவளே அடிக்குது அடிக்குதுன்னு கத்தியிருக்கா. இவளை எப்படி சார் மிஷின்ல வச்சிக்கிறது?"

அஞ்சலை பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான். உதிர்ந்த துருப் பொருக்கையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாரி, ஆள், சம்பளம் எல்லாவற்றையும் சேர்த்து யோசிக்கும்போது தம்பி கீழுதட்டைக் கடிப்பான். அப்போதும் கடித்துக்கொண்டிருந்தான்.

பஷீர் பாய் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். பேனலிலிருந்து கழற்றிய வயர்த் துண்டு அவர் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்தார்.

"குழி செத்தது இவங்களாலதான். நான் இல்லன்னு சொல்லல. இத்தனை உப்புக்கு நடுவுல உப்புப் போட்டுக் குழி வச்சேனே, அது என் தப்பு. செம்புக் கம்பி போட்டிருக்கணும். ஆனா குழி செத்தாலும், பிரேக்கர் வேலை செஞ்சிருந்தா இவங்க கை பட்ட முதல் நாளே லைன் விழுந்திருக்கும். விழாம பார்த்துக்கிட்டது இதுதான்."

துண்டை ஆரோக்கியத்தின் கையில் வைத்தார்.

"இன்னும் ஒரு மழை, இன்னும் கொஞ்சம் ஈரம். அவ்வளவுதான் பாக்கி இருந்துச்சு. அல்லாஹ் காப்பாத்தினான். அவங்க புறங்கையால தொட்டுப் பார்த்ததும் காப்பாத்துச்சு. உள்ளங்கையால பிடிச்சா கை மூடிக்கும். அப்புறம் விடாது."

ஆரோக்கியம் வயரைச் சுருட்டினான். கணேசனைப் பார்க்காமல் சொன்னான். "அஞ்சலை மிஷின்லயே இருக்கட்டும். குழி சரியாகிற வரைக்கும் மெயினை நிறுத்திடு."

"லோடு சார்?"

"நிக்கட்டும்பா."

அப்போதுதான் அஞ்சலைக்குக் குரல் வந்தது.

"இனிமே நல்ல தண்ணியா ஊத்தணும்? குடிக்கிற தண்ணியையா?"

"ஆமாம்மா."

"எங்களுக்கே கேன்ல அளந்துதான் வைக்கிறாங்க. மண்ணுக்கு மட்டும் ஃபுல் கேனா?"

அவள் கேட்டது பாயிடம் என்றாலும் பார்த்தது என் தம்பியை. மறுநாளிலிருந்து பெண்களுக்கு வைக்கும் கேன் கூடுதலாக வந்தது.

கம்பூட்ஸ்

புதிய குழி வேறு இடத்தில் வெட்டப்பட்டது. செம்பு பூசிய கம்பி. சுற்றிலும் உப்பில்லாத களிமண் பொடி. கிரஷர் பெட்டிக்குப் புது ரப்பர் போட்டு மூடினார்கள். பிரேக்கரை மாற்றி, அதிலிருந்த சோதனைப் பொத்தானைப் பஷீர் பாய் எல்லோர் எதிரிலும் அழுத்தினார். பட்டென்று விழுந்தது. ஒரு குழந்தை சொன்ன பேச்சைக் கேட்டதுபோல் அவர் முகம் மலர்ந்தது. "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுக் கல்யாண வேலைக்குப் போய்விட்டார்.

மீண்டும் ஓட்டியது ஒரு விடிகாலையில். அன்றும் பனி சொட்டியது. தரை நனைந்திருந்தது. கிரஷர் ஓடியது. பிரேக்கர் விழவில்லை. பெண்கள் மிஷினைச் சுற்றி நின்றார்கள், யாரும் நெருங்கவில்லை. அஞ்சலை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தொடும்மா. எல்லாம் பார்த்தாச்சு" என்றார் கணேசன்.

"நான் ரொம்ப நாள் தொட்டுட்டேன் சார். இன்னைக்கு நீங்க."

கணேசன் என்னைப் பார்த்தார். நான் லாரிக் காகிதங்களைப் பார்த்தேன்.

அவர் அருகிலிருந்த மூட்டையில் உட்கார்ந்து கம்பூட்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வெயிலும் உப்பும் காணாத வெளுத்த பாதங்கள். அவற்றை ஈரத் தரையில் வைத்தபோது அவர் விரல்கள் உள்ளே மடங்கின. மிஷினிடம் போனார். வழக்கம்போல் உள்ளங்கையை நீட்டினார். இரும்புக்கு ஒரு சாண் தூரத்தில் கை நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பியது. விரல்களை மடக்கி, புறங்கைக் கணுவை ஒற்றினார்.

எடுத்தார். மீண்டும் ஒற்றினார். இந்தத் தடவை எடுக்கவில்லை.

"ஒண்ணும் இல்ல" என்றார். மார்கழியிலிருந்து அவர் சொல்லிவந்த அதே சொற்கள்.

அஞ்சலை கையைப் பிரித்தாள். சுவர் ஓரமாக, நிழலில், தன் இடத்துக்குப் போனாள். முதல் சாக்கின் வாயைச் சேர்த்துப் பிடித்து ஊசிக்கு அடியில் கொடுத்தாள்.

"கம்பூட்ஸை எடுத்து வைங்க சார்" என்றாள், தலையைத் தூக்காமல். "உள்ள பனி இறங்கிடப் போவுது."